மேகம் போட்ட துணி

சிவசங்கரி எவரையும் படம் பிடிப்பதற்கு முன் இடது கையைச் சற்றே உயர்த்திக் காட்டுவாள். எதிரே நிற்பவர் தலையசைத்த பிறகுதான் வலது கை வேலை செய்யும். எடுத்தபின் காமிராவைத் திருப்பி அவரிடமே காட்டுவாள். அவர் உதட்டைப் பிதுக்கினால், அவர் கண்முன்னாலேயே அந்தப் படத்தை அழித்துவிடுவாள். கல்யாண வீட்டில் பந்தி காத்திருந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் சலித்துக்கொண்டாலும் இந்தப் பழக்கத்தை அவள் விட்டதில்லை. "இவ கல்யாணப் போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்குக் காதுகுத்து வந்துரும்" என்று லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கையை மட்டும் இறக்கமாட்டாள்.

சின்னக்கானலுக்கு மேலே, எஸ்டேட் சாலை இரண்டாகப் பிரியும் கடைத்தெருவில் அவளுடைய ஸ்டுடியோ இருந்தது. எஸ்டேட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த மலையில் எல்லா எஸ்டேட்டும் ஒரே பச்சைதான். ஸ்டுடியோவின் பின்சுவர் முழுவதும் ஒரு நீளத் துணி தொங்கியது. நீல வானமும் வெள்ளை மேகங்களும் அச்சிட்ட துணி. மாதக்கணக்கில் வானமே கண்ணில் படாத ஊரில், மக்கள் அந்தத் துணி வானத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். வாங்கிய சுருளில் மிஞ்சியது பரணில் கிடந்தது.

அந்த மிச்சத்திலிருந்து ஒரு துண்டைத்தான் அவள் மாரீஸ்வரிக்குக் கிழித்துக் கொடுத்திருந்தாள். மாரீஸ்வரி அவளோடு ஒன்றாகப் படித்தவள். இப்போது எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். போன மழைக்காலத்தில் அவளுடைய தலைத்துணி கிழிந்துபோனபோது, "இதைக் கட்டிப் பாருட்டி, நைலான் மாதிரி இருக்கு" என்று சிவசங்கரி கொடுத்தாள். மழைத் தண்ணீர் அதில் நிற்காமல் வழுக்கி ஓடியது. அன்றிலிருந்து மாரீஸ்வரி வேறு துணி கட்டவில்லை. தேயிலைச் சரிவில் அவள் நகரும்போது ஒரு துண்டு வானம் தனியே நடந்து போவதைப்போல் இருக்கும். லயத்துக் குழந்தைகள்கூட, "வானம் போகுது, வானம் போகுது" என்று கைகாட்டும்.

அந்த ஆண்டு மழை முடியும் தறுவாயில் பெரியமுத்துவை யானை கொன்றது. லயங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர். விடியுமுன் வால்வைத் திறக்கப் போனவரைப் பாதை வளைவில் கண்டெடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிய பாதை அது. தூரத்துத் தேயிலைக்காட்டுக்குப் பெண்கள் தினமும் போகும் பாதையும் அதுதான். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: பாதையோரத்துச் செடிகளை வெட்ட வேண்டும், விடிகாலையில் ஒரு ஜீப் தங்களைக் காட்டுவரை கொண்டுபோய் விட வேண்டும். ஆபீசில் கேட்டபோது, யானை வனத்துறையுடையது என்றார்கள். வனத்துறையில் கேட்டபோது, பாதை கம்பெனியுடையது என்றார்கள். யானை மட்டும் எவரிடமும் எதுவும் கேட்காமல் அந்த வளைவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பேக்டரி வாசலில், சாலையில் உட்காருவதென்று முடிவு செய்தார்கள்.

அதற்கு முந்தைய மாலை மாரீஸ்வரி ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"நாளைக்கு நீ வந்து படம் எடுக்கணும்ட்டி. ஒருத்தரும் எடுக்கலைன்னா, நாங்க கல்லெறிஞ்சோம்னு சொல்லிருவாங்க."

"வாரேன். உன் மூஞ்சி தெரியலாமா?"

மாரீஸ்வரி கூடாதென்று தலையாட்டினாள். "அம்மா சர்வீசு இந்த மாசத்தோட முடியுது. என்னைப் பெர்மனன்ட் ஆக்குனாத்தான் லயத்து வீடு எங்களுக்கு. இல்லைன்னா சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு மலையிறங்கணும். கீழ கம்பம் ஊருல எங்களுக்கு யாரு இருக்கா? கால் தேஞ்சுபோன அம்மாவ வச்சுக்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

"உன் மூஞ்சி தெரியாது. ஒருத்தி மூஞ்சியும் தெரியாது. நான் சொல்லுதேன்ல."

அப்படி அவள் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

மாரீஸ்வரி போனதும் சிவசங்கரி தேவிகுளத்தில் வக்கீலாக இருக்கும் எப்சிபாவுக்குப் போன் செய்தாள். எப்சிபாவின் கல்யாணப் படம் அவள் எடுத்ததுதான்.

"என் கல்யாணத்துல 'சிரிங்க, சிரிங்க'ன்னு என் தாடையை வலிக்க வச்சீங்கள்ல, இப்ப நான் சொல்றதை நீங்க கேளுங்க" என்றாள் எப்சிபா. "பொது ரோட்டுல நின்னு படம் எடுக்கிறது குற்றமில்லை. ஆனா போலீஸுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல போய் நிக்காதீங்க. தள்ளிப் போன்னா தள்ளிப் போயிருங்க, அங்கிருந்து எடுங்க. போன்ல விரல் வச்சா, மூஞ்சியைக் காட்டினா திறக்கிற பூட்டை எல்லாம் எடுத்துட்டு, நம்பர் பூட்டு மட்டும் வைங்க. என் நம்பரைக் கையில பேனாவால எழுதிக்கோங்க. போனைப் பிடுங்கிட்டா நம்பரும் சேர்ந்து போயிரும்ல."

"ரொம்பப் பயமுறுத்துறீங்களே, அக்கா."

"பயப்படுறவங்களுக்குத்தான் இதெல்லாம் சொல்றது. தைரியசாலிங்க எங்க கேக்கிறாங்க?"

மறுநாள் பனிமூட்டம் பேக்டரிப் புகைபோக்கியை விழுங்கிவிட்டிருந்தது. பெண்கள் இடுப்பில் தார்ப்பாய்த் துண்டும் தலையில் துணியுமாக, வேலைக்குப் போகும் கோலத்திலேயே சாலையில் அமர்ந்தார்கள். சிவசங்கரி சாலையோரக் கற்சுவரை ஒட்டி நின்றாள். பழக்கத்தில் இடது கை உயர்ந்தது. எவரும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரிடம் அனுமதி கேட்பது? கையை இறக்கிக்கொண்டு, கூடியவரை முதுகுப் பக்கமிருந்தே போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

போலீஸ் வண்டி வந்தது. எஸ்.ஐ. ஜோமோன் சிரித்த முகத்தோடு இறங்கினார். அவர் எப்போதும் சிரித்த முகம்தான். அவர் கோபப்பட்டு அந்த ஊரில் எவரும் பார்த்ததில்லை. அதனாலேயே அவரைக் கண்டு எல்லாரும் பயந்தார்கள். சிவசங்கரியைப் பார்த்து, "கொஞ்சம் மாறி நில்லு, சேச்சி" என்றார் மலையாளம் கலந்த தமிழில். அவள் விலகிப்போய் நின்று, அங்கிருந்து எடுத்தாள்.

அப்போது பேக்டரி கேட்டிலிருந்து ஆபீஸ் ஜீப் வெளியே வரத் தொடங்கியது. டிரைவருக்குப் பக்கத்தில் பீல்டு ஆபீசர் பொன்ராஜ் உட்கார்ந்திருந்தார். ஹாரனை அழுத்தியபடியே ஜீப் கூட்டத்துக்குள் நுழைந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒரு வயதான அம்மாள் கால் வழுக்கி விழுந்தாள். ஜீப்பை நிறுத்தச் சொல்லி மாரீஸ்வரி கையை ஓங்கிக்கொண்டு ஓடினாள். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. பனிக்குள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஜீப் நிற்காமல் போயிற்று. அதன் பக்கக் கண்ணாடி தெறித்துச் சாலையில் கிடந்தது.

மதியம் சிவசங்கரி ஸ்டுடியோவின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தில் தெரிந்த ஒவ்வொரு முகத்தையும் தேடித் தேடி மறைத்தாள். ஓரத்தில் அரைமுகமாகத் தெரிந்தவர்களையும் விடவில்லை. மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு முகமும் இல்லை. நிம்மதியாக வீடியோவை இணையத்தில் வெளியிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு கேளையாட்டின் கதை நினைவுக்கு வருகிறது. சோலைக்காட்டில் கேளையாடு என்னும் சிறு மான் ஒன்று இருந்தது. சிறுத்தைக்குப் பயந்து ஒருநாள் அது பெரணிப் புதருக்குள் தலையை நுழைத்து, கண்ணும் காதும் மூக்கும் தெரியாதபடி இலைகளை இழுத்து மூடிக்கொண்டது. "இனி என்னை எப்படி அடையாளம் காணும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது. பாவம், சிறுத்தை அதன் முகத்தை ஒருநாளும் பார்த்ததே இல்லை. எப்போதும் பின்னாலிருந்து துரத்திய சிறுத்தைக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வாலடியில் உள்ள வெள்ளை ரோமம் மட்டும்தான்.

தேயிலைக்காட்டில் யாரும் யாரையும் முகத்தை வைத்து அறிவதில்லை. பனியிலும் மழையிலும் குனிந்த தலைகளுக்கு முகம் ஏது? தலைத்துணியின் நிறம், அதைக் கட்டியிருக்கும் முடிச்சு, தோள் சாய்ந்திருக்கும் விதம் இவைதான் அங்கே ஆளின் அடையாளம். எதிர்மலையிலிருந்து பார்த்தே, 'இன்னார் இந்த வரிசையில் இருக்கிறார்' என்று சொல்லிவிடக்கூடியவர் பொன்ராஜ். லயத்தில் பிறந்து, தாயின் முதுகிலிருந்தபடியே அந்தச் சரிவுகளைப் பார்த்து வளர்ந்த மனிதர் அவர்.

அடுத்த நாள் காலை எஸ்டேட் மேனேஜர் அவரைத் தம் அறைக்கு அழைத்துப் படத்தை ஓடவிட்டார். "எல்லாம் முகத்தை மறைச்சிருக்காங்க, பொன்ராஜ். ஒண்ணும் புரியலை" என்றார் வருத்தத்தோடு.

பொன்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. தமக்குத் தெரிந்த வித்தை ஒன்று சபையேறும் வேளையில் மனிதனுக்கு வரும் சிரிப்பு. "மூஞ்சி எதுக்கு சார்? கையை ஓங்கிட்டு வருது பாருங்க, அந்த மேகத் துணி. அது மாரீஸ்வரில்லா!"

மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, மிக மென்மையான குரலில், "யாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அந்த மென்மையைக் கேட்ட பிறகுதான் தாம் செய்தது இன்னதென்று பொன்ராஜுக்கு விளங்கியது. ஆனால் சொன்ன பெயரைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கே மாரீஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஜீப்பின் கண்ணாடியை உடைத்தது அவள்தான் என்றார்கள். திங்கட்கிழமை விசாரணை.

அவள் வீட்டுக்குப் போய்விட்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"மூஞ்சிய மறைச்சே. மண்டைய மறந்துட்டியேட்டி."

சிவசங்கரி படத்தை மறுபடி பார்த்தாள். மங்கலாக்கிய முகங்களுக்கு மேலே, சாம்பல் நிறப் பனிக்கு நடுவே, அந்த நீலமும் வெள்ளையும் பளிச்சென்று நின்றன. அவள் கையாலேயே கிழித்துக் கொடுத்த துண்டு. தினமும் சுவரில் பார்த்துப் பார்த்துப் பழகிய வானம் என்பதால், அது அவள் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போயிருந்தது.

"எடுத்துர்றேன். இப்பவே எடுத்துர்றேன்."

"எடுத்து? அவங்க போன்ல எல்லாம் ஏறிருச்சு. வீட்டுல அம்மா கேக்குது, 'என்ன பிள்ள, சீக்கிரம் வந்துட்டே'ன்னு. வயித்துவலின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எத்தனை நாளைக்குட்டி வயித்துவலி வரும்?"

போகும்போது அவள் துணியை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று பிற்பகல் ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. எவரும் இறங்கவில்லை, என்ஜினையும் அணைக்கவில்லை. டீக்கடையில் அறிமுகமில்லாத இரண்டு பேர் ஒரே கிளாஸ் டீயை நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஜோமோன் வந்தார்.

"பேடிக்க வேண்டாம், பயம் ஒண்ணும் வேண்டாம், சேச்சி. ஒரு சின்னக் காரியம். மூஞ்சி மறைக்காத ஒரிஜினல் வேணும். ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போயிடலாம்."

சிவசங்கரி மேசையைவிட்டு எழுந்தாள். சட்டைக்கையைச் சற்று மேலே இழுத்துக்கொண்டாள். பேனாவால் எழுதிய எண் இன்னும் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் எப்சிபா சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"பொழுது இறங்கியாச்சு சார். இந்த நேரத்துல ஒரு பொம்பளையக் கூட்டிட்டுப் போகணும்னா பெண் போலீஸ் வரணும், மாஜிஸ்ட்ரேட் அனுமதியும் வேணும்னு சொல்றாங்க. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுத்துட்டு, காலையில வாங்க சார்."

ஜோமோன் சிரித்தார். வானத் துணியைக் கொஞ்ச நேரம் நின்று ரசித்தார். அதன் ஓரத்தை இரு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் பெண் போலீசோடு வந்தார். சிவசங்கரி எதிர்க்கவில்லை, கதவைப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். ஸ்டேஷனில் போனை வாங்கிக்கொண்டார்கள். "மகசர் எழுதுங்க சார். ஒரு காப்பி எனக்கு வேணும்" என்றாள். கைப்பற்றிய பொருளுக்கு எழுதும் அந்தச் சான்றின் பெயரை எப்சிபா போனில் நான்கு முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்வித்திருந்தாள். ஜோமோன் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அது திறக்கவில்லை. அவள் விரலைப் பிடித்து அழுத்தினார். அப்போதும் திறக்கவில்லை.

"நம்பர் சொல்லு, சேச்சி."

"வக்கீல் வரட்டும் சார்."

"இதில ஒரு ஒப்பு இடு." நீட்டிய காகிதத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

"வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன் சார். என்னைக் கைது பண்ணியிருக்கீங்களா?"

"ஏய், அரஸ்ட் ஒண்ணும் அல்ல."

"அப்ப நான் போகலாமா?"

"அதும் பற்றில்ல." போகவும் முடியாதாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தார்.

"கைதுன்னா காரணத்தை எழுத்துல குடுங்க சார். வீட்டுக்குச் சொல்லுங்க. ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்துங்க. கைது இல்லைன்னா என்னை விடுங்க."

அவளுடைய குரல் பாதியில் உடைந்தது. ஆனாலும் சொல்லி முடித்துவிட்டாள். ஜோமோன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "உன் தம்பி சதீஷ் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுறானில்லே? அந்த ரோடெல்லாம் ரொம்ப மோசம். பிரேக்கு, பெர்மிட்டு, எல்லாம் சரியாயிட்டு இருக்கா?" என்று சொந்த வீட்டுப் பிள்ளையை விசாரிப்பதுபோல் கேட்டார். அதன்பின் எழுந்து போய்விட்டார். மணிக்கணக்காக அவளிடம் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் கேட்டாள், பெண் போலீஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகத்தைப் பாராமல் விலகிப்போனாள்.

பிற்பகலில் எப்சிபா மழையில் நனைந்த கறுப்புக் கோட்டோடு வந்துசேர்ந்தாள். உள்ளே நெடுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில், கூப்பிடும்போது ஆஜராக வேண்டும் என்ற நோட்டீசைக் கொடுத்துச் சிவசங்கரியை அனுப்பினார்கள். போன் அங்கேயே தங்கிவிட்டது.

"நம்பர் சொல்லியே ஆகணுமா, அக்கா?" என்று சாலைக்கு வந்ததும் சிவசங்கரி கேட்டாள்.

"கட்டாயப்படுத்த முடியாதுன்னு வாதாட நமக்கு இடமிருக்கு. அது கோர்ட்டுல பேசவேண்டியது. ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து நீங்களா சொல்லிராதீங்க. அந்த போனைத் திறந்தா அன்னைக்கு உட்கார்ந்த அத்தனை பேர் மூஞ்சியும் அவங்க கையில." எப்சிபா குடையை விரித்தாள். "மாரீஸ்வரி கேசுல அவங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு துணி. அதைத் தவிர வேற ஒண்ணுமில்லை. கண்ணாடி எப்படி உடைஞ்சதுன்னு அந்த ஜீப்புக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்க வாயைத் திறக்கணும். அதுவும் மூஞ்சியைக் காட்டித் திறக்கணும்."

சிவசங்கரி ஸ்டுடியோவுக்கு வந்தாள். சுவரில் தொங்கிய வானத்தைப் பார்த்தாள். அதன் முன்னால் எத்தனையோ மணமக்கள் நின்றிருக்கிறார்கள்; இப்போது அதில் ஜோமோனின் விரல் பட்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறித் துணியைக் கழற்றினாள். பரணிலிருந்த மிச்சத்தையும் இறக்கினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

திங்கட்கிழமை ஆபீசில் விசாரணை நடந்தது. மேனேஜர், வெளியூரிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி, பொன்ராஜ், எதிரே மாரீஸ்வரி.

"வீடியோவில் இருப்பது இந்தத் தொழிலாளிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

பொன்ராஜ் பதில் சொல்ல நிமிர்ந்தார். மேனேஜரின் தலைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் சரிவில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு தலையிலும் நீலமும் வெள்ளையும். எல்லாத் தலையிலும் ஒரே முடிச்சு, இடது காதுக்கு மேலே. வானம் துண்டு துண்டாகி மலைமேல் இறங்கியிருந்தது. தம் வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சரிவில் யார் யாரென்று பொன்ராஜுக்குத் தெரியவில்லை.

"துணியை வச்சுத்தான் சொன்னேன் சார்" என்றார் மெல்ல. "மூஞ்சியை நான் பாக்கலை. துணின்னா... அங்கன பாருங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். மேனேஜரும் எழுந்து ஜன்னலருகே போய் நெடுநேரம் நின்றார். திரும்பியபோது மேனேஜர் முகத்தில் கோபமே இல்லை.

"நல்லது" என்றார். "யாருன்னு தெரியலைன்னா எல்லாரும்தான். கண்ணாடியை உடைச்சது இன்னார்னு சொல்ல ஒரு ஆள் வர்ற வரைக்கும், அந்தத் துணி கட்டின ஒருத்தருக்கும் பெர்மனன்ட் கிடையாது. போலீசிலும் அப்படியே சொல்லிடுறேன். உங்கம்மாவுக்கு மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குல்ல, மாரீஸ்வரி?"

அன்று மாலை அந்தச் செய்தி லயங்களுக்குள் பரவியது. ஒருவரும் துணியை அவிழ்க்கவில்லை. ஆனால் குழந்தைகளைச் சீக்கிரமே உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாள் விடிகாலை. பெண்கள் ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டர் திடலில் கூடினார்கள். வேலைக்கு வராதே என்று சொல்லியிருந்தும் மாரீஸ்வரி வந்து பின்னால் நின்றாள். வனத்துறைக்கு அனுப்ப உண்ணிச்செடி மண்டிய பாதையைப் படம் எடுப்பதற்காகச் சிவசங்கரி கல்யாணக் காமிராவோடு வந்திருந்தாள். பொன்ராஜ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் எப்போதும் மேல்ரோடு வழியாக வண்டியிலேயே காட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கு வண்டியை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு, கையில் ஒரு தகரத்தோடும் கம்போடும் பாதை வாயில் போய் நின்றார்.

"என்ன சார், வண்டியில பெட்ரோல் இல்லையா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"இருக்கு. இன்னைக்கு முன்னால நான் போறேன்."

"ஆனைக்கு ஆபீசர், லேபர்னு வித்தியாசம் தெரியாதே சார்" என்றாள் இன்னொருத்தி. சிலர் சிரித்தார்கள். பொன்ராஜ் சிரிக்கவில்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டு நடந்தார். பெண்கள் பின்தொடர்ந்தார்கள்.

பெரியமுத்து விழுந்துகிடந்த வளைவு வந்ததும் அவர் நின்றார். அங்கே செடிகள் நசுங்கிக் கிடந்தன; நேற்று நசுங்கியவை அல்ல, சாறு இன்னும் காயவில்லை. பனி ஆள்மட்டத்துக்கு இறங்கியிருந்தது. பொன்ராஜ் திரும்பி மாரீஸ்வரியைப் பார்த்தார்.

"உன் பேரைச் சொன்னது நான்தான். கண்ணாடி எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் நான்தான்."

மாரீஸ்வரி, "தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

சிவசங்கரியின் இடது கை தானாக உயர்ந்தது. பொன்ராஜ் அதைக் கண்டார். அந்தக் கையின் பொருள் அந்த மலையில் யாருக்குத்தான் தெரியாது? கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தார். பிறகு தலையசைத்தார்.

"எடு" என்றார். "மறைக்க வேண்டாம். மூஞ்சியோடயே எடு."

அவள் எடுக்கத் தொடங்கினாள்.

"என் பேர் பொன்ராஜ். இந்த எஸ்டேட்ல பீல்டு ஆபீசர். அன்னைக்கு அந்த ஜீப்புல நான் இருந்தேன். கண்ணாடியை ஒருத்தியும் தொடலை. எங்க வண்டிதான் பேக்டரி கேட்டோட கம்பியில உரசி, கண்ணாடி உடைஞ்சது. என் பக்கத்துக் கண்ணாடி அது. நான் பாத்தேன். மாரீஸ்வரி கையைத் தூக்குனது, விழுந்த அம்மா மேல வண்டி ஏறிரக் கூடாதுன்னு..."

அவருக்குப் பின்னால், பனிக்குள், ஒரு கிளை ஒடிந்தது.

பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். சிவசங்கரியின் விரல் காமிராவை இறுகப் பற்றியது. இன்னொரு கிளை ஒடிந்தது, முன்னைவிடப் பக்கத்தில். பொன்ராஜின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஆனாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காமிராவைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்தி, சொல்லவேண்டிய மீதியையும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.